பினாங்கு மாநிலமும் அயல்நாட்டு மூலதனமும்

பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே நிபோங் திபாலை நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் சுங்கை பாக்காப் என்னும் சிற்றூர் இருக்கிறது. பினாங்கு என்றதும் தீவையும் அதன் துறைமுகத்தையுமே நினைப்பவர்கள், எதிர்க்கரையிலுள்ள இவ்வூரை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், அயல்நாட்டார் பணம் ஒரு சிறு நாட்டிற்குள் எவ்வாறு வருகிறது, வந்த பணம் எதை விட்டுச் செல்கிறது என்று ஆராய விரும்புவோருக்கு இவ்வூர்ப் பக்கத்து மண் நல்லதொரு பாடநூல். ஒரு காலத்தில் இங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் கரும்பு நின்றது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பரும் எண்ணெய்ப்பனையும் நின்ற இடங்கள் சிலவற்றில் இன்று மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. பயிர் மாறிய ஒவ்வொரு முறையும் முதல் போட்டவர்களுள் பெரியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களாகவே இருந்தார்கள். அவர்களை அழைத்தது அவ்வக்காலத்து அரசாங்கம்.

பினாங்கு தனி நாடன்று. மலேசியக் கூட்டரசின் ஓர் உறுப்பு. தீவும் எதிர்க்கரையும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர்தான். பேராக், சிலாங்கூர் மாநிலங்களுக்கு வாய்த்த ஈயவளம் இதற்கு வாய்க்கவில்லை. ஆதலால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இது ஒரு சிறு நாடு பிழைக்கும் வழியிலேயே பிழைத்து வந்திருக்கிறது: தன்னிடம் இல்லாத மூலதனத்தை வெளியிலிருந்து வரவழைத்தே வாழ்ந்திருக்கிறது. 1786-இலும், 1840-களிலும், 1970-களிலும் என மூன்று முறை அது பெரிய அளவில் அழைப்பு விடுத்தது. மூன்று முறையும் கையில் ஏந்தி நின்ற தட்டில் ஏறத்தாழ ஒரே பண்டங்கள்தாம் இருந்தன. விளைவுகள் மட்டும் ஒன்றாக இல்லை.

வரியில்லாத் துறைமுகம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் தீவில் கொடியேற்றினார். கெடா சுல்தான் இத்தீவைக் கொடுக்க இசைந்தது, சயாமின் அச்சத்திலிருந்து கம்பெனி தம்மைக் காக்கும் என்ற நம்பிக்கையால். கம்பெனி அந்தக் காவலைத் தரவேயில்லை. 1791-இல் சுல்தான் தீவை மீட்க முயன்று தோற்றார். பின்னர் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி பெற்றுக்கொண்டு அடங்க நேர்ந்தது. முதலாளிகளுக்குப் பிற்காலத்தில் தாராளமாக வழங்கப்பட்ட நிலம், காப்பாற்றப்படாத ஒரு வாக்கினால் கிடைத்த நிலம் என்பதை மறத்தல் கூடாது.

லைட்டிடம் பணமில்லை, குடிமக்களும் இல்லை. வரும் கப்பல்களுக்கு வரியில்லை என்று அறிவித்தார்; காட்டை வெட்டித் திருத்தியவனுக்கே நிலம் என்றார். வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் இட்டுக் காட்டிற்குள் சுட்டு, அவற்றைத் தேடுவோரைக் கொண்டே காட்டை அழித்தார் என்றொரு கதையும் வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, முதலீட்டை அழைக்கும் கலையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அழைப்புக்குச் செவிசாய்த்தவர்களில் தமிழரும் இருந்தனர். சூலியர் என அக்காலத்தார் அழைத்த சோழமண்டலக் கரை முஸ்லிம் வணிகர்கள் தொடக்கத்திலேயே வந்துவிட்டனர். அவர்களின் தலைவராக விளங்கிய காதர் மொய்தீன், கப்பித்தான் கிளிங் என்ற பட்டத்தோடு 1801-இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் ஜார்ஜ் டவுனின் அடையாளங்களுள் ஒன்று. அவர்களைத் தொடர்ந்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வந்து பினாங்கு வீதியில் கிட்டங்கிகள் வைத்தனர். 1857-இல் தண்ணீர்மலைச் சாலையில் கோயில் கட்டினர். வெள்ளையர் வங்கிகள் படியேற்றாத சிறு வணிகருக்கும் சீனத் தொழில்முனைவோருக்கும் கடன் கொடுத்தவர்கள் அவர்களே. மலாயாத் தமிழர் வரலாறு கூலியின் வரலாறு மட்டுமே என்று எழுதுவோர் இச்செய்தியைத் தவறவிட்டு விடுகிறார்கள்.

வரியில்லை என்ற சலுகைக்கு ஒரு குறை உண்டு. அதனை எவரும் பார்த்துச் செய்துவிடலாம். 1805-இல் பினாங்கிற்கு உதவிச் செயலாளராக வந்த ஸ்டாம்போர்டு ராபிள்ஸ், இங்கே கற்ற பாடத்தை 1819-இல் சிங்கப்பூரில் பயன்படுத்தினார். நீரிணையின் தென்முனையில் அமைந்த அத்தீவு இருப்பிடத்தாலேயே முந்திக்கொண்டது. 1826-இல் இரண்டும் மலாக்காவும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்களாயின; 1832-இல் தலைநகரமும் சிங்கப்பூருக்குப் போயிற்று. அரை நூற்றாண்டுக்குள் பினாங்கு இரண்டாம் இடத்துத் துறைமுகமாகிவிட்டது. மிளகு, கிராம்பு, சாதிக்காய் எனத் தீவில் செய்து பார்த்த பயிர்த்தொழில்களும் நிலைத்த பயன் தரவில்லை.

கரும்பும் கடல் கடந்தவர்களும்

1800-இல் கம்பெனி கெடா சுல்தானிடமிருந்து எதிர்க்கரையையும் பெற்று அதற்கு வெல்லஸ்லி மாகாணம் என்று பெயரிட்டது. இன்றைய செபராங் பிறை அதுவே. அதன் தென்பகுதி களிமண் படிந்த தாழ்நிலம். கடல்நீர் ஏறும், மழைநீர் தேங்கும். தியோச்சியூ சீனர்கள் பத்து காவான் பக்கத்தில் வரப்பெடுத்து, கால்வாய் வெட்டிக் கரும்பு வைத்தார்கள். மாடு சுற்றும் கல்லாலையில் சாறு பிழிந்து, இரும்புக் கொப்பரையில் காய்ச்சினார்கள். அவ்வினத்தவரான கீ லாய் ஹுவாட் என்னும் தோட்ட முதலாளியையே சுங்கை பாக்காப் தன் நிறுவனர் என்று சொல்லிக்கொள்கிறது. அவர் குடும்பத்து மாளிகை இன்றும் அவ்வூரில் நிற்கிறது.

ஐரோப்பிய மூலதனம் இப்பக்கம் திரும்பியதற்குக் காரணம் இங்கே தோன்றியதன்று. அது லண்டனில் தோன்றியது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறியது. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பு வெட்ட ஆளில்லாமற் போயிற்று. 1840-களின் இடைப்பகுதியில் இங்கிலாந்து தன் சர்க்கரைச் சுங்கத்தைத் திருத்தியபோது, நீரிணைப் பகுதிச் சர்க்கரைக்கும் அங்கே சந்தை திறந்தது. உடனே வெள்ளையர் தோட்டங்கள் வரிசையாக எழுந்தன. பாராளுமன்ற உறுப்பினர் எட்வர்டு ஹார்ஸ்மன் நீராவி ஆலைகளோடு பெருந்தோட்டங்களுக்கு உடைமையாளரானார். 1876-இல் அவர் மறைந்தபின் அவை மைத்துனர் சர் ஜான் ராம்ஸ்டனின் குடும்பத்தைச் சேர்ந்தன. கலிடோனியா தோட்டம் அவற்றுள் பெயர்பெற்றது.

முதலாளிக்கு நிலம் கிடைத்தது, சந்தை கிடைத்தது, ஆள் வேண்டும். இவ்விடத்தில்தான் அரசாங்கத்தின் ‘தொழில் ஆதரவு’ எத்தன்மையது என்பது வெளிப்படுகிறது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய தமிழன், வழிச்செலவுக் கடனுக்கு ஈடாக ஆண்டுக்கணக்கில் ஒரே முதலாளியிடம் உழைப்பதாகக் கைநாட்டு வைத்தான். ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தைவிட்டுப் போனால் அது கடன் தவறிய வழக்கன்று, சிறைக்குரிய குற்றம். சட்டமும் போலீசும் நீதிமன்றமும் தோட்டத்துக் கணக்கேட்டிற்குக் காவல் நின்றன.

இடையில் ஒரு சட்டச் சிக்கல் நேர்ந்தது. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசாங்கத்திடமிருந்து பிரிக்கப்பட்டு, பிரிட்டிஷ் முடியின் நேரடி ஆட்சிக்கு வந்தன. அதனால் அவை இந்தியச் சட்டத்தின் கண்ணில் வெளிநாடாயின. வெளிநாட்டிற்கு ஆளனுப்ப வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும். இதை அதிகாரிகள் உணர்ந்து 1870-இல் ஆளேற்றுவதைத் தடுத்தனர். தோட்டக்காரர்கள் துடித்துப் போனார்கள். முறையீடுகள் பறந்தன. 1872-இல் தடை விலக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் ஒரு பேரரசின் சட்டம் தோட்டக்காரர்களுக்காக வளைந்து கொடுத்தது. அவ்வளவு விரைவு தொழிலாளியின் குறைகளைக் களைவதில் காணப்படவில்லை. மாகாணத்துத் தோட்டங்கள் சிலவற்றில் நடந்த கொடுமைகள் வெளிவந்து விசாரணைக்கு உள்ளானதும் அந்த 1870-களில்தான். ஒப்பந்த முறை ஒழிந்ததோ 1910-இல்.

1870-களில் மலாயாவில் ஒப்பந்தத் தமிழ்த் தொழிலாளர் மிகுதியாக இருந்த இடம் வெல்லஸ்லி மாகாணமே. ஆகவே, மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்க்கை தொடங்கிய முற்றம் இது என்று சொல்வது மிகையாகாது. நிலத்தைப் போலவும் வரிச்சலுகையைப் போலவும், தமிழனின் உழைப்பும் அந்த இரண்டாம் அழைப்பின் தட்டில் வைக்கப்பட்ட ஒரு பண்டம். அழைக்கப்பட்ட விருந்தினன் முதலாளி. அவனுக்குப் படைக்கப்பட்டவன் தொழிலாளி.

கரும்பு அறுபது, எழுபது ஆண்டுகள் நின்றது. ஐரோப்பாவில் அரசுகளின் ஊக்கத்தொகை பெற்ற பீட்ரூட் சர்க்கரை போட்டியிட்டது. இங்கே ரப்பர் விலை ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரும்பைப் பிடுங்கி ரப்பரை நட்டன. சர்க்கரையாலைகள் போயின. அவற்றோடு கொப்பரைக்காரனின் கைத்திறனும் போயிற்று. அத்தனை ஆண்டுத் தொழிலிலிருந்து, அத்தொழிலுக்கு வேண்டிய ஓர் இயந்திரத்தைச் செய்யும் பட்டறைகூட உள்ளூரில் வேரூன்றி நிற்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைத்த கல்வி தோட்டத்துப் பள்ளியோடு நின்றது. முதலாளி தன் பயிரை மாற்றிக்கொண்டான். தொழிலாளி மரம் சீவப் பழகிக்கொண்டான். அவன் குடியிருந்த வரிசை வீடு மாறவில்லை.

வெளியாரை எதிர்பாராமல் தொழிலாளர்களே முதல் திரட்டிய முயற்சி ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1950-களின் இறுதியில் வெள்ளையர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தலைப்பட்டபோது, வீடும் வேலையும் ஒருசேரப் பறிபோகும் ஆபத்தில் தமிழர்கள் நின்றனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோறும் சென்று தொழிலாளரின் சிறு சேமிப்பைப் பங்குப் பணமாகச் சேர்த்தார். பினாங்கிற்கு அடுத்த கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டமே சங்கம் வாங்கிய முதல் தோட்டம். அயலாரின் கோடியை எண்ணிக் கொண்டிருக்கும் வரலாற்றில், மரம் சீவுபவரின் வெள்ளிகள் சேர்ந்து மூலதனமான இந்த நிகழ்ச்சிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாம் அழைப்பு

விடுதலைக்குப் பின்னர்ப் பினாங்கின் நிலை சரிந்தது. 1963 முதல் 1966 வரை நடந்த இந்தோனேசியாவின் மோதல் கொள்கை, சுமத்ராவோடு இருந்த பண்டமாற்று வாணிபத்தை முறித்தது. பவுன் மதிப்புக் குறைந்ததையொட்டி 1967 நவம்பரில் பழைய மலாயா நாணயத்தின் மதிப்பும் குறைக்கப்பட்டபோது, ஜார்ஜ் டவுனில் கடையடைப்பும் கலவரமும் மூண்டன. 1969-இல் வரியில்லாத் துறைமுகம் என்ற பழைய உரிமையும் போயிற்று. லைட் கொடுத்த ஒரே சீதனம் அதுதான். வேலையில்லாதோர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து என்ற அளவில் நின்றது.

அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் கெராக்கான் கட்சி வென்று, டாக்டர் லிம் சோங் யூ முதலமைச்சரானார். எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர். நோயைக் கண்டபின் மருந்து தேடத் தாமதிக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே பினாங்கு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அதன் பொது நிர்வாகியாகச் செட் சிங் அமர்ந்து 1990 வரை பணியாற்றினார். ஓர் அரசு, ஒரு முதலமைச்சர், ஒரு நிர்வாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே திசையில் நடந்தார்கள். வரிச்சலுகையைவிட இந்தத் தொடர்ச்சியையே முதலீட்டாளர் பெரிதாக மதித்தனர் என்று கருத இடமுண்டு.

அக்காலத்தில் இத்தகைய அழைப்பு பினாங்கிற்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அயர்லாந்து 1959-இல் ஷானனில் தீர்வையற்ற மண்டலம் அமைத்தது. சிங்கப்பூர் 1961-இல் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தி, டச்சுக்காரரான ஆல்பர்ட் வின்செமியஸின் ஆலோசனையோடு நாடு நாடாகச் சென்று தொழில்களைத் தேடியது. தைவானின் காவ்சியுங் மண்டலம் 1966-இல் எழுந்தது. இந்தியாவும் 1965-இலேயே குஜராத்தின் கண்ட்லாவில் ஏற்றுமதி மண்டலம் கண்டது. ஆசியாவில் அதுவே முதலாவது. ஆயினும் கண்ட்லா, பின்னால் வந்த காவ்சியுங்கைப் போலவோ பினாங்கைப் போலவோ ஓங்கவில்லை. வேலி கட்டி வரியை நீக்கிவிட்டால் தொழில் தானே வந்துவிடும் என்பதற்குக் கண்ட்லா எதிர்ச்சான்று.

பினாங்கு என்ன செய்தது? சுதந்திர வாணிப மண்டலச் சட்டம் 1971-இல் வந்தது. அடுத்த ஆண்டே பாயான் லெப்பாசில் நெல்வயலாக இருந்த நிலத்தில் நாட்டின் முதல் மண்டலம் திறந்தது. நிலத்தைச் சமன்படுத்தி, சாலையும் நீரும் மின்சாரமும் கொடுத்து, உள்ளே வரும் உறுப்புகளுக்கும் வெளியே போகும் பண்டங்களுக்கும் தீர்வையை நீக்கினர். முன்னோடித் தொழில் என்ற தகுதி பெற்ற நிறுவனத்திற்குப் பல ஆண்டுகள் வருமான வரி இல்லை. அருகிலேயே விமான நிலையம். மின்னணுச் சில்லு விரல் நகமளவே இருக்கும்; விலையோ அதிகம். ஆகவே கப்பலைவிட விமானமே அதற்கு ஏற்ற வாகனம். முன்னர்த் துறைமுகம் இருந்த இடத்தில் இப்போது ஓடுபாதை நின்றது.

வளர்ச்சிக் கழகம் மற்றொன்றும் செய்தது. வெளியாரை அழைப்பதற்கு முன்பே, 1970-இல் பினாங்கு எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு தொழிற்சாலையைத் தானே நடத்திக் காட்டியது. ‘எங்கள் மக்களால் இவ்வேலையைச் செய்ய முடியும்’ என்று வாயால் சொல்வதற்கு மாறாகக் கையால் காட்டினார்கள். நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கர்ட், லிட்ரானிக்ஸ், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியான் என்று எட்டு நிறுவனங்கள் முதலில் வந்து சேர்ந்தன. எட்டுச் சாமுராய்கள் என்று அவற்றைப் பினாங்கு மக்கள் இன்றும் குறிப்பிடுகின்றனர். இன்டெல் அமெரிக்காவிற்கு வெளியே தொடங்கிய முதல் தொழிற்சாலை இதுதான். 1972-இல் அதற்கு இட்ட முதல் 16 லட்சம் அமெரிக்க டாலர். 1975-இல் அத்தொழிற்சாலை தீக்கு இரையாயிற்று. நிறுவனம் இடத்தைவிட்டுப் போகவில்லை; மீண்டும் எழுப்பியது.

இம்முறையும் வெளிநாட்டுச் சுங்கச் சட்டம் ஒன்று பின்னணியில் வேலை செய்ததைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சுங்க அட்டவணையின் 806.30, 807 என்னும் பிரிவுகளின்படி, அமெரிக்காவில் செய்த உறுப்புகளை வெளிநாட்டில் பொருத்தித் திரும்பக் கொண்டுவந்தால், வெளிநாட்டில் கூடிய மதிப்பிற்கு மட்டுமே வரி. எனவே சிலிக்கான் வில்லைகளை அமெரிக்காவில் செய்து, பினாங்கிற்கு விமானத்தில் அனுப்பி, இங்கே நுண்ணோக்கி வழியாகப் பார்த்து முடியினும் மெல்லிய பொற்கம்பியைப் பொருத்தி, மீண்டும் விமானத்தில் ஏற்றுவது இலாபமாயிற்று. 1840-களில் கரும்பு வந்ததும், 1970-களில் சில்லு வந்ததும், வாங்கும் நாட்டின் சுங்க ஏட்டில் ஒரு வரி மாறியிருந்த காலத்தில்தான். அழைக்கும் சிறு நாடு தன் சட்டங்களை எவ்வளவு திருத்தினாலும், மறுகரையில் கதவு திறந்திருந்தாலன்றிப் பயன் குறைவே.

பொற்கம்பி பொருத்திய கைகள் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்களின் கைகள். மலாய்ப் பெண்கள் கிராமங்களிலிருந்து பெருந்திரளாக வந்தனர். சீன, தமிழ்ப் பெண்களும் வந்தனர். இரவு முறை வேலைக்குப் பெண்களை அமர்த்தத் தடையாக இருந்த விதிக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தொழிற்சங்கமோ நெடுங்காலம் மின்னணுத் தொழிலாளருக்கு மறுக்கப்பட்டது. 1988-இல் நிறுவனத்திற்குள் அடங்கிய சங்கங்களுக்கு இடம் தந்தார்கள். வட்டார அளவில் சங்கம் அமைக்க 2009-இல்தான் அனுமதி கிடைத்தது. கைநாட்டு ஒப்பந்தத்தோடு இதை ஒப்பிடுவது நியாயமாகாது. இப்பெண்கள் விரும்பினால் வேலையைவிட்டுப் போகலாம், பலர் போகவும் செய்தனர். எனினும் முதலாளியை அழைக்கும் தட்டில் தொழிலாளியின் உரிமையில் ஒரு பகுதி வைக்கப்படும் பழக்கம் இரண்டாம் அழைப்போடு முடிந்துவிடவில்லை.

1985-இல் தீவையும் எதிர்க்கரையையும் இணைக்கும் பாலம் திறந்தது. உலகச் சில்லுச் சந்தை வீழ்ந்ததும் அப்போதுதான். பினாங்குத் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நடந்தது. மலிவான கூலியை மட்டும் நம்பி நின்றால், அதைவிட மலிவான நாட்டைத் தேடித் தொழில் போய்விடும் என்பது எல்லாருக்கும் விளங்கிற்று. கரும்பின் கதை மீண்டும் நடந்திருக்கலாம்.

அவ்வாறு நடக்காமற்போனதற்கு இரு காரணங்கள். 1989-இல் பினாங்குத் திறன் வளர்ச்சி நிலையம் தோன்றியது. மாநில அரசு இடம் கொடுத்தது. நிறுவனங்கள் இயந்திரங்களும் பயிற்றுநர்களும் கொடுத்தன. எதைக் கற்பிப்பது என்பதைத் தொழிற்சாலைகளே கூடி முடிவு செய்தன. சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடும் நிறுவனங்கள் ஒரே பள்ளியில் தம் ஆட்களை உட்கார வைத்தன. மற்றொன்று, தொழிற்சாலைகளில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்த உள்ளூர்ப் பொறியாளர்கள் வெளியே வந்து தாமே தொழில் தொடங்கினார்கள். இன்டெல்லில் பணியாற்றிய இருவர் 1991-இல் தொடங்கிய குளோபிட்ரானிக்ஸ் ஓர் எடுத்துக்காட்டு. அச்சுகள், பொருத்துக் கருவிகள், சோதனை இயந்திரங்கள் ஆகியவற்றைச் செய்யும் பட்டறைகள் பெரிய நிறுவனங்களைச் சுற்றிப் பெருகின. பெரிய நிறுவனம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக நினைத்தாலும், இந்தப் பட்டறைகளைக் கட்டிக்கொண்டு போக முடியாது. சர்க்கரையாலை விட்டுச் செல்லாததைச் சில்லுத் தொழிற்சாலை விட்டுச் சென்றது. ஆனால் கொடுத்தவர்கள் மனம் உவந்து கொடுத்தனர் என்பதைவிட, கேட்டு வாங்குவதற்கு இங்கே ஓர் அமைப்பு இருந்தது என்பதே பொருத்தம். இன்று உலகில் சில்லுகளைப் பொதித்துச் சோதிக்கும் வேலையில் மலேசியாவின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ பதின்மூன்று என்று மதிப்பிடப்படுகிறது. அதன் நடுவிடம் பினாங்கே.

திரும்பவும் தென்கரைக்கு

தீவில் இடம் குறைந்தபோது மூலதனம் மீண்டும் கரும்பு நின்ற கரையை நாடியது. ஆறுகளால் சூழப்பட்ட பத்து காவான் தோட்டத்தை வளர்ச்சிக் கழகம் நகரமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாற்றத் திட்டமிட்டது. 2014 மார்ச்சு முதல் நாள் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் கரையேறுவது இங்கேதான். மைக்ரான் போன்ற அமெரிக்க நிறுவனங்களும், சில்லுகளைக் கண்காணிக்கும் இயந்திரங்களைத் தானே வடிவமைத்து உலகெங்கும் விற்கும் வைட்ராக்ஸ் என்னும் உள்ளூர் நிறுவனமும் இங்கே நிலைபெற்றன. 1970-களில் வந்த எட்டில் ஒன்றான பாஷ், 2023-இல் தன் புதிய சில்லுச் சோதனை நிலையத்தை இந்த எதிர்க்கரையில்தான் திறந்தது.

தோட்டத்துத் தமிழரைப் பொறுத்தமட்டில் மூன்றாம் அழைப்பு காலந்தாழ்ந்து வந்தது. பாயான் லெப்பாசில் முதல் தொழிற்சாலைகள் ஆளெடுத்த ஆண்டுகளில், தோட்டத்துப் பிள்ளை ஆறாம் வகுப்போடு பள்ளியை விடுவது பொதுவழக்காக இருந்தது. குடியுரிமைத் தாள் இல்லாதவர்கள் 1969-க்குப் பின் வேலைக்கு அனுமதிச் சீட்டு தேடி அலைந்தார்கள். தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது; நிலம் கைமாறியதும் இரண்டும் ஒருங்கே போயின. தலைமுறை தலைமுறையாகத் திருத்திய நிலத்தில் தொழிற்சாலை எழுந்தபோது, அதன் வாயிற்காவலுக்கும் பாரவண்டிக்கும் சென்றவர் பலர். நுண்ணோக்கியின் முன்னும் பொறியாளர் மேசையிலும் அமர்ந்தவர் சிலர். அந்தச் சிலரின் தொகை ஏறி வருகிறது என்பது உண்மை. அது எவ்வளவு விரைவில் ஏறும் என்பது அரசின் வரிச்சலுகையில் இல்லை. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைக்குத் திறன் நிலையத்தின் வாசல் தெரிகிறதா, அதற்கு முன் ஆரம்பப் பள்ளியில் கணிதமும் அறிவியலும் ஊன்றினவா என்பதில் இருக்கிறது. அவ்வகையில் தொழில் வளர்ச்சியின் முதற்படி தமிழாசிரியரின் வகுப்பறையிலேயே கிடக்கிறது. முதலீட்டு மாநாடுகளில் இதனை யாரும் பேசுவதில்லை.

பினாங்கு மாநிலத்தில் இருபத்தெட்டுத் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. தென்செபராங் பிறையிலுள்ளவற்றில் பல இன்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கியுள்ளன: பத்து காவான் தோட்டம், வால்டோர் தோட்டம், ஜாவி தோட்டம், பைராம் தோட்டம், கிரியான் தோட்டம். அவற்றுள் பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்று நிற்பது பண்டார் காசியா என்னும் புதுநகரில், தொழிற்பேட்டைக்கு அருகில், புதிய கட்டடத்தில். தோட்டம் என்ற சொல் பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறது.